எலும்பில்லாத நான்கு துண்டு

அன்றைக்கு மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா. அதைச் சொல்லாமல் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொன்னால் பதில் சரியாக இருக்காது.

வாசல் பக்கம் சிங்கராயர், லாரி ஓட்டியவர். அவருக்கு எதிரே தபால்காரர் மாசிலாமணி. காது கேட்காத ரெட்டியபட்டிக்காரர். அவர் பெயர் அவருக்கே மறந்துவிட்டது, ஊர் மட்டும்தான் ஞாபகம். பார்வை போன உபதேசியார். அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைக்கும் தையல்காரர் காசிம் பாய். கோமதிநாயகம், சிவஞானம் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே பெஞ்சில், ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் எடுத்துத் தின்றுகொண்டு. கடைசியில் சுவரோரமாக நான். எட்டுப் பேர். பரிமாற லூர்து அம்மாள். கதவில் சாய்ந்துகொண்டு மேலாளர் கனகசபை சார், செல்போனில் பேசிக்கொண்டு. இந்தப் பெயர்களை எல்லாம் நீங்கள் எழுத வேண்டாம். லூர்து அம்மாள் தட்டு ஒன்பது வைத்திருந்தாள். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டு ஒன்பது, ஆள் எட்டு. நான் சொன்னேன், "சார், ஒரு ஆள் குறையுது." எனக்குச் சத்தமாகப் பேச வராது. இரண்டாவது தடவை சொன்னபோதுதான் அவர் காதில் விழுந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "பாத்ரூம்ல இருப்பாரு, சாப்பிடுங்க பெரியவரே" என்றார். சாப்பிட்டோம். சோறு, ரசம், கோவைக்காய். கை கழுவிவிட்டுப் போய்ப் பார்த்தால் வேலாயுத ஆசாரி அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். தொட்டால் விறைத்துக் கிடக்கிறது. டாக்டர் வந்து, விடிவதற்கு முன்பே போயிருக்கும் என்றார். அப்படியென்றால் காலைக் கஞ்சிக்கும் அவர் வந்திருக்க முடியாது. கஞ்சி அவரவர் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் வாங்குவது, அதனால் மீதி தெரியவில்லை. நானும் காலையில் எண்ணவில்லை. காய்ச்சல். மற்ற நாட்களில் எண்ணிவிடுவேன்.

ஆசாரியை வெளியே எடுத்துக்கொண்டு போகும்போது சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. உங்களுக்குத் தெரியாததா. இந்த இல்லத்தின் பின்சுவர்தான் மத்திய சிறையின் பக்கச்சுவர். அந்த மணி அடித்தால் உள்ளே எண்ணுவார்கள். காலையில் திறக்கும்போது எண்ணுவார்கள், மதியம் எண்ணுவார்கள், சாயங்காலம் அடைக்கும்போது எண்ணுவார்கள், இரவில் காவல் மாறும்போதும் எண்ணுவார்கள். ஆயிரம் பேருக்கு மேல் இருக்கிற இடத்தில் ஒரு ஆள் குறைந்தால் சைரன் ஊதுவார்கள். இங்கே ஒன்பது பேரில் ஒருவர் குறைந்தால் பாத்ரூமில் இருப்பார் என்கிறார்கள்.

அன்றைக்குத்தான் மனு கொடுப்பது என்று முடிவு செய்தேன். கைதிக்கு இருக்கிற சௌகரியம் குற்றம் செய்யாத மனுஷனுக்கு ஏன் இல்லை என்று. நீங்கள் என் மகன் விஷயமாக வந்திருக்கிறீர்கள். அவனுக்குப் பதினைந்து நாள் விடுப்பு கொடுக்கலாமா, அப்பனாகிய எனக்கு ஆட்சேபனை உண்டா, வந்தால் எங்கே தங்குவான், இதுதானே உங்கள் கேள்வி. நன்னடத்தை அலுவலர் கேட்காமல் விடுப்பு கிடையாது என்று எனக்குத் தெரியும். சொல்கிறேன். இந்த மனு விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் அதைச் சொல்ல முடியும். இரண்டும் ஒன்றுதான்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். செங்கல் சூளையில் கல் எண்ணுகிற வேலை. லாரியில் ஏற்றும்போது பக்கத்தில் நிற்பேன். ஏற்றுகிறவன் இரண்டு கையிலும் நான்கு நான்காகத் தூக்கிப் போடுவான், வாய் பேசிக்கொண்டே இருப்பான், நான் பேச மாட்டேன். பேசினால் எண்ணிக்கை போய்விடும். அப்படியே பேசாத பழக்கம் வந்துவிட்டது. பிச்சம்மாள், என் மனைவி, வீட்டில் ஒரு ஆள் இருக்கிற மாதிரியே இல்லை என்பாள். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு கட்டிலுக்கு நடுவே தரையில் பாய் விரித்துக் கிடந்து செத்தாள். கட்டில் காலியில்லை என்றார்கள். சிறைக்குள்ளே இருக்கிற ஆஸ்பத்திரியில் கைதிக்குக் கட்டில் உண்டு. மெத்தையும் உண்டாம். இதையும் மனுவில் எழுதினோம்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் பால்துரை. சின்னவன் நம்பிராஜன். வீட்டைப் பாகம் பிரித்தார்கள். சின்னவன் முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பினான். பெரியவன் என்னிடம் வந்து சுவர் தன் பக்கம் தள்ளி வந்திருக்கிறதா என்று கேட்டான். கேட்டால் அளக்காமல் எப்படிச் சொல்வது. அளந்தேன். ஒரு செங்கல் அகலம் தள்ளித்தான் வந்திருந்தது. வந்திருக்கிறது என்று சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் கோப்பில் இருக்கிறதே. மண்வெட்டியின் மரக் கணையால் பெரியவன் அடித்தான். சின்னவன் அந்த ஈரச் சுவரிலேயே சாய்ந்து விழுந்தான். பார்த்தது நான் ஒருவன்தான்.

பெரியவனுடைய வக்கீல் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர், பிஸ்கட் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார். "பெரியவரே, ஒரு அடின்னு சொல்லுங்க போதும். கோபத்துல அடிச்சான், ஒரே அடி, படக்கூடாத இடத்துல பட்டுட்டுன்னு வழக்கு மாறும். சீக்கிரம் வந்துருவான். உங்களுக்கும் கஞ்சி ஊத்த ஆள் வேணும்லா" என்றார். கோர்ட்டில் கேட்டார்கள். மூன்று என்றேன். முதல் அடி தோளில். இரண்டாவது தலையில். மூன்றாவது, விழுந்த பிறகு. நீதிபதி, நன்றாக ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். எண்ணுவதுதான் ஐயா என் வேலை என்றேன்.

அவன் கூண்டில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தான். அந்த வருஷம்தான் எனக்குப் பல்லெல்லாம் விழுந்தது. அவன் உள்ளே போன பிறகு விழுந்ததால் அவனுக்குத் தெரியாது. பொக்கைவாயோடு நின்று சாட்சி சொல்கிறேனே என்று பார்த்தானோ என்னவோ.

ஆயுள் தண்டனை. வீட்டில் சின்னவன் மனைவியும் அவள் பிள்ளையும் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி இருப்பது. அவளும் இருங்கள் என்று சொல்லவில்லை. ஊர்ப் பெரியவர்கள் இந்த இல்லத்தில் கொண்டுவந்து விட்டார்கள். சிறைக்குப் பக்கத்தில் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் வேறு ஊர் கேட்டிருப்பேன். ஒரு தடவைகூட மனு போட்டு அவனைப் பார்க்கப் போனதில்லை. அவன் இரண்டு கடிதம் போட்டான். பிரிக்கவில்லை. ஒருத்தனை மண்ணுக்குள் வைத்துவிட்டு இன்னொருத்தனைக் கம்பிக்கு வெளியே நின்று நலமா என்று கேட்க என்னால் முடியாது.

ஆனால் அவன் நலமாகத்தான் இருந்தான் என்று மூக்குக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்குச் சுவருக்கு மேலே வாசனை வரும் அம்மா. கோழிக் குழம்பு. ஆயிரம் பேருக்குக் கொதிக்கிற குழம்பு என்றால் சும்மாவா. உபதேசியார் ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு முகத்தைத் தூக்குவார். சிங்கராயர், "கொலைகாரப் பய சமைச்சாலும் மசாலா கரெக்டா இருக்குலே" என்பார். சமையல்கட்டில் பால்துரை இருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கே பிறகுதான் தெரிந்தது. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ரசம்தான். கொன்றவனுக்குக் கோழி, கொலையைப் பார்த்து உள்ளதைச் சொன்னவனுக்கு ரசம். எனக்குக் கோழி ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நியாயம் வேண்டாமா என்றுதான்.

சொல்லப்போனால் எனக்குக் கோழி கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

சிறைக் காவலர் ஒருவர், தேவசகாயம் என்று பெயர். காவலர் குடியிருப்புக்குப் போகிற வழி நம் வாசல்தான். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து போகிறபோது நின்று, "நீங்க நயினார் அண்ணாச்சிதானே" என்றார். ஆமாம், ஆறுமுகநயினார் என்றேன். ஒரு சின்னத் தூக்குவாளியைக் கொடுத்து, "வீட்டுல செஞ்சது, சாப்பிடுங்க" என்றார். வேண்டாம் என்றேன். எனக்குக் கூச்சம். "எங்க அப்பா மாதிரி இருக்கீங்க அண்ணாச்சி, வாங்கிக்கிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டுப் போய்விட்டார். திறந்து பார்த்தேன். கோழி. நான்கு துண்டு. நான்கும் எலும்பில்லாத துண்டு, நன்றாக வெந்து, ஈறாலேயே மசிக்கலாம். அந்த மனுஷருடைய மனைவி எவ்வளவு நல்லவளாக இருக்க வேண்டும் பாருங்கள். எனக்குப் பல் இல்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பொறுக்கி வைத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும். நான் கழுவி வைத்த தூக்கை அவர் வாங்கிக்கொள்வார், இன்னொரு தூக்கைக் கொடுப்பார். எப்போதும் நான்கு துண்டு. மூன்று வந்ததில்லை, ஐந்து வந்ததில்லை. குழம்பு எங்கள் வீட்டுக் குழம்பு மாதிரியே இருந்தது. பிச்சம்மாள் ஒரு கைப்பிடி பச்சரிசியை வறுத்துத் தேங்காயோடு அரைத்து விடுவாள். எங்கள் பக்கத்தில் வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அவளுக்குக் கை நடுக்கம் வந்த பிறகு பெரியவன்தான் அம்மி அரைப்பான், ஆண்பிள்ளை என்று பார்க்க மாட்டான். தேவசகாயம் மனைவியும் அரிசி வறுத்துத்தான் விட்டிருந்தாள். அவர்கள் ஊர்ப்பக்கமும் அப்படி ஒரு வழக்கம் இருக்கும்போலிருக்கிறது.

சாப்பிட்டதை யாருக்கும் காட்டவில்லை. அண்ணன் தம்பி இருவரும் வாசனை பிடித்து வருவார்கள். ஒரு தடவை சிவஞானத்துக்கு ஒரு துண்டு கொடுத்தேன். அவர் அதைப் பிய்த்துப் பாதியை அண்ணனுக்கு ஊட்டினார். அதைப் பார்த்த பிறகு நான் கொடுக்கவில்லை.

தேவசகாயத்திடம் ஒருநாள் கேட்டேன், உள்ளே ஒரு ஆளுக்கு எத்தனை துண்டு போடுவார்கள் என்று. சும்மா தெரிந்துகொள்ளத்தான். "நாலு அண்ணாச்சி" என்றார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். எனக்கு மனதுக்குள் கொதித்தது. ஆயிரம் பேருக்கு நான்கு நான்கு துண்டு. பெருக்கிப் பாருங்கள்.

அப்புறம்தான் ஆசாரி செத்தது. மனு எழுத உட்கார்ந்தோம். மாசிலாமணிதான் எழுதினார், தபால்காரர் இல்லையா, மனு எப்படித் தொடங்க வேண்டும் என்று தெரியும். பத்திரிகையில் வந்திருந்த கைதிகளின் சாப்பாட்டு விவரத்தை ஒரு பக்கமும், எங்கள் சாப்பாட்டை இன்னொரு பக்கமும் போட்டோம். எங்கள் பக்கம் சீக்கிரம் முடிந்துவிட்டது. கோமதிநாயகம், எங்கள் பக்கத்தில் தண்ணீரையும் சேர்த்து எழுதுங்கள், பார்க்க நிறைவாக இருக்கும் என்றார். சிங்கராயர், நமக்கு ஒருவருக்காவது குற்றம் செய்கிற தெம்பு இருக்கிறதா என்று கேட்டார். மாசிலாமணி பேனாவை நிறுத்திவிட்டு, என்ன இருந்தாலும் அவர்களால் வெளியே போக முடியாதே என்றார். நான் கேட்டேன், நம் வெளிக்கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது, ஆறு மணிக்கு மேல் கனகசபை சாரைக் கேட்காமல் நீங்கள் போக முடியுமா என்று. அவர் மேற்கொண்டு எழுதினார்.

காசிம் பாய் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. "அவன் தின்னா தின்னுட்டுப் போறான் நயினார் அண்ணாச்சி. அங்க குறைச்சா உங்க தட்டுலயா விழப்போகுது?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. தட்டில் விழுவது பற்றிப் பேச்சே இல்லை, கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு என்றேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கோத்துக்கொண்டே, "சரி, கணக்கு சரியா இருக்கட்டும்" என்றார். அவருக்கு எப்போதும் ஒரு எகத்தாளம்.

ஆளுக்கு நான்கு துண்டு என்று எழுதியதும் மாசிலாமணி, இது எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்றார். நியாயம்தான். எங்கிருந்து தெரிந்தது என்று சொல்லாத எண்ணிக்கை நிற்காது. தேவசகாயம் பெயரைப் போடக் கூடாது, எனக்குச் சோறு போட்ட மனுஷர். அதனால் பெயர் போடாமல், சிறைக் காவலர் ஒருவர் மூலம் நேரில் அறிந்தோம் என்று மட்டும் போடச் சொன்னேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்று கொடுத்தேன். சிங்கராயர் துணைக்கு வந்தார். வாங்கிக்கொண்ட அம்மாள் ரசீது கொடுத்தாள். எங்கள் சாப்பாட்டை உயர்த்துவது அரசாங்கத்தின் கையில் இல்லை, இது தனியார் அறக்கட்டளை என்று சொல்லிவிட்டாள். ஆனால் சிறைச் சாப்பாட்டை விசாரிக்கச் சொல்லி அனுப்புவோம் என்றாள்.

அனுப்பினார்கள். விசாரித்தும் விட்டார்கள். நம் நாட்டில் ஒரு மனு இவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.

ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரிய அதிகாரிகள் வந்து சமையல்கட்டில் தராசு வைத்து நிறுத்தார்களாம். வேலை முடிந்து போகிற காவலர்களின் பையை எல்லாம் வாசலிலேயே திறக்கச் சொன்னார்களாம். காவலர் ஒருவர் மூலம் என்று எழுதியிருந்ததல்லவா, அதனால். ஒரு காவலர் பையில் கோழி இருந்திருக்கிறது. உள்ளேயிருந்து வெளியே போகிற கோழி. யார் கொடுத்தது என்று கேட்டதில் சமையல்கட்டுக் கைதி என்று தெரிந்தது. அந்தக் கைதியின் பெயர் பால்துரை. லூர்து அம்மாளின் தங்கை மகன் அங்கே காவலர், அவன்தான் வந்து சொன்னான். பால்துரையைச் சமையல்கட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். தனி அறையில் போட்டார்கள். ஆளைப் பார்க்கவும் விடவில்லை, பார்க்க யார் போகப்போகிறார்கள். அப்போது வரவேண்டிய விடுப்பும் நின்றுபோயிற்று. அதனால்தானே நீங்கள் இப்போது கார்த்திகையில் வந்திருக்கிறீர்கள்.

நான் என்ன நினைத்தேன் என்றால், பார், கொலை செய்தவன் அங்கேயும் போய்த் திருடியிருக்கிறான். ஆயிரம் பேர் சாப்பாட்டில் கை வைத்திருக்கிறான். என் மனு ஒரு திருட்டைப் பிடித்துக் கொடுத்தது. சிங்கராயர் எல்லோருக்கும் கேட்கும்படி, நம்ம அண்ணாச்சி ஜெயிலையே ஆட்டிட்டாரு என்றார். காசிம் பாய் எழுந்து வெளியே போய்விட்டார்.

அதே ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தேவசகாயத்தைக் காணவில்லை. தூக்கும் வரவில்லை. தற்காலிக நீக்கம் என்றார்கள், பிறகு ஏதோ வடக்கே மாற்றிவிட்டார்கள் என்றார்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவருடைய தூக்கு ஒன்று என்னிடமே நின்றுவிட்டது. அதோ, ஜன்னல் கம்பியில் மாட்டியிருக்கிறேன் பாருங்கள். புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். அவர் மனைவியிடம் கொடுத்துவிடலாம் என்று குடியிருப்புக்குப் போய் விசாரித்தேன். அவருக்கு மனைவி இங்கே இல்லையாம். நாகர்கோவிலில் நர்ஸாக இருக்கிறாளாம், இங்கே வந்ததே இல்லையாம். அவர் காவலர் மெஸ்ஸில்தான் சாப்பிடுவாராம். ஆண்பிள்ளைகளும் சமைப்பார்கள், இல்லையா. ஒரு ஸ்டவ் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் சமைத்திருப்பார்.

என்ன அம்மா, அந்தத் தூக்கையே பார்க்கிறீர்கள்.

சொல்லுங்கள். கோப்பில் இருக்கிறதா? விசாரணை அறிக்கை இருக்கிறதா. படியுங்கள். மெதுவாகப் படியுங்கள், எனக்கு அந்த ஆபீஸ் தமிழ் சீக்கிரம் புரியாது.

எடை குறையவில்லையா?

இல்லை, நீங்கள் சரியாகப் பாருங்கள். அத்தனை கிலோ கறி வாங்கினால் அத்தனை பேருக்குப் போட்டது போக ஒன்றும் குறையவில்லையா? எல்லாக் கைதிக்கும் நான்கு துண்டு போயிருக்கிறதா? அப்படியென்றால் அந்த வாளியில் இருந்தது எங்கேயிருந்து வந்தது?

அவன் பங்கு.

அவன் தட்டில் விழுந்தது. அவன் அதைச் சாப்பிடாமல் எடுத்து வைத்தது. மற்றவர்கள் துண்டில் எலும்பில்லாததாகப் பார்த்துத் தன்னுடையதோடு மாற்றிக்கொள்வான் என்று உடன் இருந்த கைதி சொல்லியிருக்கிறானா. எழுதியிருக்கிறதா அப்படி. சரி. சரி அம்மா.

யாருக்குக் கொடுத்து அனுப்பினான் என்று கேட்டார்களா? கேட்டும் சொல்லவில்லையா. தனி அறையில் போடுவோம் என்று சொன்ன பிறகுமா. தேவசகாயமும் சொல்லவில்லையா.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். அந்த டம்ளர்தான்.

தையில் தொடங்கியது. ஆடியில் நின்றது. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை. அப்படியென்றால் அத்தனை ஞாயிறும் அவன் ரசம்தான் விட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் ரசம், இந்தப் பக்கம் நான் கோழி. மனுவில் அதை மாற்றி எழுதிவிட்டோம். மாசிலாமணி எழுதிய இரண்டு பக்கத்திலும் ஒரு ஆளை இடம் மாற்றிப் போட வேண்டும். அதைத் திருத்த முடியுமா அம்மா? முடியாது, தெரியும். கேட்டுப் பார்த்தேன்.

பார்த்தீர்களா நீங்கள் அவனை? போன வாரம் பார்த்தீர்களா. எப்படி இருக்கிறான்? மெலிந்துவிட்டானா. அவன் எப்போதும் ஒல்லிதான். கையில் சூட்டுத் தழும்பா. அது ஆயிரம் பேருக்கு வடிக்கிற கஞ்சி பட்டது. சௌகரியமாக இருக்கிறான் என்று எழுதிவிட்டேனே.

என்னைப் பற்றி ஏதாவது கேட்டானா? இல்லை, சொல்ல வேண்டாம். இருங்கள். சொல்லுங்கள்.

அப்பா இப்போது என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டானா. அதை மட்டும்தான் கேட்டானா.

அம்மா, நான் மூன்று அடி என்று சொன்னது சரிதான். அதில் மாற்றம் கிடையாது. இன்றைக்குக் கூப்பிட்டுக் கேட்டாலும் மூன்றுதான். மூன்றாவதை அவன் அடித்திருக்கக் கூடாது. என் சின்ன மகன் அப்போது கையைத் தூக்கினான். அதை நான் கோர்ட்டில்கூடச் சொல்லவில்லை, அவர்கள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளை அதிலிருந்து கழிக்க முடியாது. இதை நான் அவனிடமே சொல்லுவேன். ஆனால் சொல்வதற்கு ஆள் எதிரே வேண்டும்.

எங்கே தங்குவான் என்று கேட்டீர்கள். வீட்டுக்குப் போகக் கூடாது. நம்பிராஜன் மனைவி அங்கே இருக்கிறாள், பிள்ளைக்கு ஏழு வயது. அந்தச் சுவரும் அப்படியே பாதியில் நிற்கிறது. அந்த விலாசத்தை எழுதாதீர்கள். அவளைப் போய்க் கேட்கவும் கேட்காதீர்கள்.

இந்த விலாசத்தை எழுதுங்கள். கனகசபை சார் முதலில் முடியாது என்பார். இது வயதானவர்களுக்கு என்பார். நீங்கள் அரசாங்க ஆள், நீங்கள் சொன்னால் கேட்பார். பதினைந்து நாளும் தினம் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டுமாமே, ஸ்டேஷன் இங்கேயிருந்து நடக்கிற தூரம்தான். காசிம் பாய் சம்மதிப்பார். அண்ணன் தம்பி இருவரிடமும் நான் சொல்லிக்கொள்கிறேன். இங்கே கோழி கிடையாது, ரசம்தான் என்று அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தூக்கை அவனே வந்து எடுத்துக்கொள்ளட்டும். காலையும் சாயங்காலமும் எண்ண மாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். நான் எண்ணுவேன்.

ஆட்சேபனை உண்டா இல்லையா என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை போட வேண்டும் என்கிறீர்கள். அந்த வார்த்தை எனக்கு வராது அம்மா. நான் சொல்கிறதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆசாரி போன பிறகு புதிதாக யாரும் வரவில்லை. இன்றைக்குக் காலையிலும் எண்ணினேன். ஆண்கள் கூடத்தில் கட்டில் ஒன்பது. ஆள் எட்டு. மீதி ஒன்று.